ரிப்போர்ட்டில் ‘இன்ட்ராமெடுல்லரி’ என்று இருந்தால் என்ன செய்வது?

அறுவை சிகிச்சை முடிந்தவர்களை எழுப்பி உட்கார வைத்து, நிற்க வைத்து, நடக்க வைப்பது என் வேலை. பக்கத்துப் பக்கத்துக் கட்டிலில் ஒருவர் தொடை எலும்பு உடைந்து ராடு போட்டவராக இருப்பார், இன்னொருவர் தண்டுவடத்துக்குள் இருந்த கட்டியை எடுத்தவராக இருப்பார். இரண்டு பேர் கோப்பிலும் ‘இன்ட்ராமெடுல்லரி’ என்ற ஒரே சொல் இருக்கும். ஒருமுறை ராடு போட்டவரின் மகள் ராத்திரி முழுக்கச் செல்போனில் அந்தச் சொல்லைத் தேடிப் படித்துவிட்டு, காலையில் கண் வீங்கிப்போய் வந்து நின்று, “அப்பாவுக்கு எலும்புதான் உடைஞ்சதுன்னு சொன்னீங்க, தண்டுவடத்துல கட்டின்னு ஏன் சொல்லல?” என்று கேட்டாள். அவருக்குத் தண்டுவடத்தில் ஒன்றுமே இல்லை. அவள் விடிய விடியப் படித்தது வேறொருவரின் நோயைப் பற்றி. அப்படி ஒரு ராத்திரி வேறு யாருக்கும் வர வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

‘மெடுல்லா’ என்றால் லத்தீனில் மஜ்ஜை, ‘இன்ட்ரா’ என்றால் உள்ளே. எலும்பு மருத்துவர் இந்தச் சொல்லை எழுதினால், நீள எலும்பின் நடுவே குழாய் மாதிரி ஓடும் மஜ்ஜைக் குழியைச் சொல்கிறார், ராடு அதற்குள்தான் இறங்கும். நரம்பியல் அறுவை மருத்துவர் எழுதினால் தண்டுவடத்தின் உடம்புக்குள்ளேயே ஏதோ இருக்கிறது என்று பொருள். எலும்பில் அந்த உள்ளிடம் சிகிச்சைக்கு வாகான இடம். தண்டுவடத்தில் அதே உள்ளிடம், கத்தி வைக்கும் முன் நூறு முறை யோசிக்க வேண்டிய இடம்.

அதனால் முதலில் அந்தச் சொல்லுக்குப் பின்னால் என்ன வருகிறது என்று பாருங்கள். ‘நெயில்’ (நாம் ராடு என்பது இதைத்தான்), ‘நெயிலிங்’, ‘ஃபிக்சேஷன்’ என்று வந்தால் எலும்பு. ‘லீஷன்’, ‘மாஸ்’, ‘சிக்னல்’ என்று வந்து, கூடவே சி5 (கழுத்து மட்டம்), டி8 (நெஞ்சு மட்டம்) மாதிரி எழுத்தும் எண்ணும் இருந்தால் தண்டுவடம். தண்டுவட ரிப்போர்ட் என்றால் இன்னும் ஒரு படி நிதானமாகப் படிக்க வேண்டும். அதில் மூன்று வகை உண்டு: தண்டுவட உறைக்கு வெளியே இருப்பது எக்ஸ்ட்ராட்யூரல், உறைக்குள் ஆனால் தண்டுவடத்துக்கு வெளியே இருந்து அமுக்குவது இன்ட்ராட்யூரல் எக்ஸ்ட்ராமெடுல்லரி, தண்டுவடத்துக்குள்ளேயே இருப்பது இன்ட்ராமெடுல்லரி. ‘எக்ஸ்ட்ரா’வா ‘இன்ட்ரா’வா என்ற ஒரு முன்னொட்டில் அறுவையின் கடினமும் தேறும் விதமும் மாறிவிடும். மெனிஞ்சியோமா, ஷ்வானோமா போன்ற கட்டிகள் பெரும்பாலும் வெளியிலிருந்து அமுக்குகிற ரகம். அவற்றை எடுக்கத் தண்டுவடத்தைத் திறக்க வேண்டியதில்லை.

எலும்புக்குள் ராடு என்றால்

1939ல் ஜெர்மனியின் கீல் நகரில் கெர்ஹார்ட் குன்ட்ஷர் என்ற அறுவை மருத்துவர் தொடை எலும்பின் மஜ்ஜைக் குழிக்குள் உலோக நெயிலை இறக்கி முறிவைச் சேர்த்தார். அதற்கு முன் தொடை எலும்பு உடைந்தவர்கள் காலில் எடை கட்டித் தொங்கவிட்டு வாரக்கணக்கில் படுத்தே கிடந்தார்கள், படுத்துக் கிடந்ததாலேயே நுரையீரல் கெட்டு, ரத்தம் உறைந்து இறந்தவர்களும் உண்டு. இன்று பெரும்பாலானவர்களை அறுவை முடிந்த மறுநாளே நாங்கள் எழுப்பி உட்கார வைத்துவிடுகிறோம்.

பிளேட்டுக்கும் நெயிலுக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்காதவர்களே இல்லை. பிளேட் எலும்பின் பக்கவாட்டில் ஒட்டி இருக்கும். நெயில் நடுவில், உடம்பு எடை இறங்குகிற கோட்டிலேயே இருக்கும், அதனால் எடையை எலும்போடு பங்கிட்டுக் கொள்ளும். மேலும் கீழும் குறுக்கே போடும் ஸ்க்ரூக்கள் எலும்பு சுழலாமலும் குட்டையாகாமலும் பிடித்துக்கொள்ளும். முறிந்த இடத்தைத் திறக்காமல், இடுப்புப் பக்கமோ முழங்கால் பக்கமோ சின்னதாகக் கீறி, எக்ஸ்ரே திரையைப் பார்த்துக்கொண்டே நெயிலை உள்ளே செலுத்துவார்கள். முறிந்த இடத்தைச் சுற்றி உடம்பு தானே கட்டத் தொடங்கிய ரத்தக்கட்டும் திசுவும் கலையாமல் இருக்கும், புது எலும்பு அங்கிருந்துதான் வளரும்.

அறுவைக்கு முன் மருத்துவரிடம் மறைக்கக் கூடாதது புகை. நிக்கோட்டின் எலும்பு கூடுவதைத் தாமதப்படுத்தும், சிலருக்குக் கூடாமலே போகும். சர்க்கரை நோய், ரத்தம் நீர்க்க எடுக்கும் மாத்திரை, ஸ்டீராய்டு, முன்பு ஏதாவது மயக்க மருந்து ஒத்துக்கொள்ளாமல் போனது எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். வாயால் சொன்னால் அவசரத்தில் விட்டுப்போகும்.

முதல் மூன்று நாள் கூடவே இருப்பவர் கண்ணைத் திறந்து வைத்திருக்க வேண்டும். தொடை போன்ற பெரிய எலும்பு உடைந்தால் மஜ்ஜையின் கொழுப்பு ரத்தத்தில் கலந்து நுரையீரலுக்கும் மூளைக்கும் போகலாம். பெரும்பாலும் 24 முதல் 72 மணி நேரத்துக்குள் தெரியும்: மூச்சு வாங்கும், பேச்சு குழறும், ஆளை அடையாளம் தெரியாமல் உளறுவார், மார்பிலும் அக்குளிலும் ஊசி முனை அளவில் சிவப்புப் புள்ளிகள் வரலாம். ‘மருந்து மயக்கம்’ என்று விட்டுவிடாமல் உடனே நர்ஸைக் கூப்பிடுங்கள். இன்னொன்று, முக்கியமாகக் கீழ்க்காலில் வருவது: தசைகளைச் சுற்றியுள்ள உறைக்குள் அழுத்தம் ஏறி ரத்த ஓட்டம் நின்றுபோவது. வலி மருந்து கொடுத்தும் வலி ஏறிக்கொண்டே போகும், கால் விரலை நாம் லேசாக மேலே மடக்கினாலே அலறுவார். இதில் காத்திருக்க நேரமே கிடையாது, சில மணி நேரத்தில் தசை செத்துவிடும். பாதத்தில் நாடி இருக்கிறது, அதனால் பரவாயில்லை என்றும் நினைக்காதீர்கள், நாடி கடைசி வரை இருக்கக்கூடும். கெண்டைக்கால் வீங்கி வலித்தாலும், திடீரென்று மார்பு வலித்து மூச்சு முட்டினாலும் ரத்தக்கட்டியாக இருக்கலாம், அதையும் அப்போதே சொல்ல வேண்டும்.

அப்புறம் எடை ஊன்றுவது. “எப்ப கால் ஊன்றலாம்?” என்று கேட்பதைவிட “எத்தனை கிலோ ஊன்றலாம், எந்தத் தேதி வரை?” என்று கேட்டு வாங்குங்கள். எலும்பின் நடுத்தண்டுப் பகுதியில் நேராக உடைந்து, நல்ல அளவு நெயில் போட்டு, ஸ்க்ரூவும் சரியாக இருந்தால் சீக்கிரமே முழு எடை கொடுக்கச் சொல்வார்கள். நொறுங்கியிருந்தாலோ மூட்டுப் பக்கம் உடைந்திருந்தாலோ பொறுக்கச் சொல்வார்கள். 20 கிலோ என்றால் எவ்வளவு என்று யாருக்கும் கால் சொல்லாது. அதனால் சாதாரண எடை மெஷினைத் தரையில் வைத்து, அதே உயரத்துக்கு ஒரு பலகையில் நல்ல காலை வைத்து, வாக்கரைப் பிடித்துக்கொண்டு அறுவை செய்த காலால் மெஷினை மெல்ல அழுத்தச் சொல்வேன், முள் 20ல் வரும்போது அந்த அழுத்தத்தைக் கண்ணை மூடி மனதில் வாங்கிக்கொள்ளச் சொல்வேன். பத்து முறை செய்தால் கால் கற்றுக்கொள்ளும். முதல் முறை எல்லோரும் 40 தாண்டிவிடுவார்கள், பயந்துவிடாதீர்கள்.

தொடை எலும்போ கீழ்க்கால் எலும்போ ஒன்றுசேர நாலு மாதம் ஆறு மாதம் என்று ஆவது சாதாரணம். எக்ஸ்ரேயில் முறிவைச் சுற்றி நான்கு பக்கத்தில் மூன்றிலாவது புது எலும்பு பாலம் கட்டியிருக்கிறதா என்று மருத்துவர் பார்ப்பார். இந்தக் காலத்தில் நெயிலுக்கும் எலும்புக்கும் ஒரு ஓட்டப்பந்தயமே நடக்கிறது. எலும்பு கூடுவதற்கு முன் உலோகம் அலுத்துப்போனால் ஸ்க்ரூவோ நெயிலோ உடையும். மாதங்கள் கழித்தும் முறிந்த இடத்தில் ஊன்றும்போதெல்லாம் வலி இருந்தால் ‘ராடு இருக்கிறதே’ என்று தைரியமாக இருக்காமல் போய்க் காட்டுங்கள். ஸ்க்ரூ ஒன்றைக் கழற்றி எலும்பு முனைகள் ஒன்றையொன்று அழுத்த விடுவதோ, குழியைக் குடைந்து அகலமாக்கி இன்னும் தடித்த நெயிலாக மாற்றுவதோ வழக்கமான தீர்வுகள்.

கீழ்க்கால் எலும்பில் நெயில் போட்டவர்களுக்கு முன்முழங்கால் வலி ரொம்பச் சாதாரணம், குறிப்பாக மண்டியிடும்போது. எலும்பு நன்றாகக் கூடிய பிறகும் இருக்கலாம். இதை முன்கூட்டியே சொன்னால் பாதி கவலை போய்விடுகிறது, ஆனால் யாரும் சொல்வதில்லை.

ராடைக் கட்டாயம் எடுக்க வேண்டுமா? பெரியவர்களுக்குத் தொந்தரவு இல்லையென்றால் வாழ்நாள் முழுக்க இருக்கலாம். எடுப்பதென்றாலும் ஓராண்டுக்கு முன் பொதுவாக எடுப்பதில்லை. குழந்தைகளுக்குக் கதை வேறு. எலும்பு வளரும் தட்டைத் தொடாமல் இரண்டு மெல்லிய வளையும் நெயில்களை வில் மாதிரி உள்ளே வைப்பார்கள், கூடிய பிறகு பெரும்பாலும் எடுத்துவிடுவார்கள். எம்ஆர்ஐ எடுக்கும் முன் உடம்பில் உலோகம் இருப்பதைச் சொல்லுங்கள். சாதாரண டைட்டானியம் நெயிலால் ஆபத்து இல்லை, படம் கொஞ்சம் கலங்கும். ஆனால் கால் நீளத்தைக் கூட்டுவதற்குக் காந்தத்தால் இயங்கும் நெயில் வைத்திருந்தால் எம்ஆர்ஐ அறைக்குள் காலே வைக்கக் கூடாது.

எலும்பு உடைவதற்கு முன்பே ராடு போடுவதும் உண்டு. வேறு உறுப்பின் புற்று எலும்புக்குப் பரவி அரித்திருந்தால் மிரெல்ஸ் மதிப்பெண் என்று ஒன்று போடுவார்கள்: இடம், வலி, அரிப்பின் தன்மை, அளவு, ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 3 வரை, மொத்தம் 12. ஒன்பதும் அதற்கு மேலும் வந்தால் உடையும் வரை காத்திராமல் நெயில் போடச் சொல்வார்கள். ‘உடையவே இல்லையே, எதற்கு அறுவை?’ என்று குடும்பம் மறுப்பதைப் பார்த்திருக்கிறேன். உடைந்த பிறகு போடுவதைவிட முன்னாலேயே போட்டால் நோயாளி சீக்கிரம் நடப்பார், வலியும் குறைவு.

தண்டுவடத்துக்குள் என்றால்

சரி, இப்போது கடினமான பக்கம். தண்டுவடம் சுண்டுவிரல் தடிமன்தான், நீளம் சுமார் 45 சென்டிமீட்டர், பெரியவர்களுக்கு இடுப்பு முதுகெலும்பின் முதல் இரண்டு எலும்புகளின் அளவிலேயே முடிந்துவிடும். அந்தச் சுண்டுவிரலுக்குள்தான் கை கால் அசைவு, தொடு உணர்ச்சி, சிறுநீர், மலம் எல்லாவற்றின் வழியும் போகிறது. அதற்குள் வளரும் கட்டிகளில் பெரியவர்களுக்கு அதிகம் வருவது எபென்டிமோமா, குழந்தைகளுக்கு ஆஸ்ட்ரோசைட்டோமா. எபென்டிமோமா பெரும்பாலும் சுற்றியுள்ள நரம்புத் திசுவிலிருந்து பிரிந்து வரும், அதனால் முழுதாக எடுக்க முடிகிறது. ஆஸ்ட்ரோசைட்டோமா ஊடுருவிக் கலந்திருக்கும், எல்லை எங்கே என்று தெரியாது. ரத்தக் குழாய்க் கட்டியான ஹீமாஞ்சியோபிளாஸ்டோமா என்று வந்தால் வான் ஹிப்பல் லிண்டௌ என்ற பரம்பரை நோய் இருக்கிறதா என்று கண், மூளை, சிறுநீரகம் எல்லாவற்றையும் பார்க்கச் சொல்வார்கள், குடும்பத்தினருக்கும் சோதனை தேவைப்படலாம்.

ஆனால் உள்ளே வெள்ளையாகத் தெரிவதெல்லாம் கட்டி என்று முடிவு கட்டாதீர்கள். தண்டுவட அழற்சி, மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ், நியூரோமைலைட்டிஸ் ஆப்டிகா, சார்காய்டோசிஸ் போன்ற அழற்சி நோய்கள் எல்லாமே எம்ஆர்ஐயில் கட்டி மாதிரி வேஷம் போடும், இவற்றுக்கு வைத்தியம் மருந்துதான். அதனால் அறுவைக்குத் தேதி குறிக்கும் முன் இதைக் கேளுங்கள்: “இது அழற்சி இல்லை என்று எப்படி உறுதியாகச் சொல்கிறீர்கள்? மூளை எம்ஆர்ஐயும், அக்வாபோரின்-4 எதிர்ப்பொருள் ரத்தப் பரிசோதனையும், முதுகுநீர்ப் பரிசோதனையும் தேவையா?” நல்ல மருத்துவர் இதற்குக் கோபிக்க மாட்டார். தண்டுவடத்துக்குள் நீர் கோத்த குழி, அதாவது சிரிங்ஸ், தெரிந்தால் அது ஏன் வந்தது என்று தேட வேண்டும். சிறுமூளையின் அடிப்பகுதி கழுத்துக்குள் இறங்கியிருக்கும் கியாரி குறைபாடா, பழைய அடியா, பக்கத்தில் ஒளிந்திருக்கும் கட்டியா என்று பார்த்து, காரணத்தைச் சரிசெய்தால் குழி பல நேரம் தானே சுருங்கும்.

இந்த நோய்கள் பெரும்பாலும் மெதுவாக, சத்தமில்லாமல் வரும். படுத்தால் கூடி, ராத்திரியில் எழுப்பிவிடும் முதுகு வலி. செருப்பு கழன்று விழுந்தது தெரியாமல் நாலடி நடந்துபோவது. சூடான பாத்திரத்தைப் பிடித்துக் கை கொப்பளித்த பிறகே தெரிவது. இப்படி ஏதாவது இருந்தால் ‘வயசாச்சு’ என்று தள்ளாமல் காட்டுங்கள். கால் பலம் நாள் கணக்கில் குறைந்தாலோ, சிறுநீர் நின்றுவிட்டாலோ, பின்புறமும் தொடை இடுக்கும் மரத்தாலோ அன்றைக்கே அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும்.

இதில் எல்லோரும் தவறாகப் புரிந்துகொள்வது நேரத்தை. ‘இன்னும் நடக்கிறாரே, நடக்க முடியாமல் போகட்டும், அப்போது பார்க்கலாம்’ என்கிறார்கள். அறுவைக்குப் பின் ஒருவர் எப்படி இருப்பார் என்பதை அறுவைக்கு முன் எப்படி இருந்தார் என்பதுதான் பெரும்பாலும் தீர்மானிக்கிறது. நடந்து வருகிறவர் நடந்து போகும் வாய்ப்பு அதிகம். சக்கர நாற்காலியில் வந்தவரை எழுப்ப நாங்கள் மாதக்கணக்கில் போராடுகிறோம், எல்லா நேரமும் ஜெயிப்பதில்லை. கட்டி வளர்கிறது, அறிகுறியும் கூடுகிறது என்றால் தள்ளிப் போடாதீர்கள். தொந்தரவே இல்லாமல் தற்செயலாகத் தெரிந்ததென்றால் குறித்த இடைவெளியில் ஸ்கேன் எடுத்துக் கவனிப்பதும் சரியான சிகிச்சைதான்.

1911ல் நியூயார்க்கில் சார்லஸ் எல்ஸ்பெர்க் இரண்டு கட்டமாக இந்த அறுவையைச் செய்த விவரத்தை எழுதினார். தண்டுவடத்தை நடுவில் கீறித் திறந்துவிட்டு, கட்டியைத் தொடாமல் தையல் போட்டு, ஒரு வாரம் போல விட்டுவிடுவார். உள்ளழுத்தத்தில் கட்டி தானாக வெளியே பிதுங்கி வரும், அப்போது எடுப்பார். இன்று நுண்ணோக்கியும், கட்டியை ஒலி அதிர்வால் உடைத்து உறிஞ்சும் கருவியும் இருப்பதால் ஒரே அறுவையில் முடிகிறது. முதுகெலும்பின் பின்பக்க எலும்பு வளைவைத் திறந்து, உறையைப் பிரித்து, தண்டுவடத்தின் பின்புற நடுக்கோட்டில் முடி அகலத்துக்குப் பிரித்து உள்ளே போகிறார்கள்.

அறுவை மருத்துவரிடம் கேட்க வேண்டியதில் எனக்கு முதலாவது, “நரம்புக் கண்காணிப்பு உண்டா?” என்பது. அறுவை நடக்கும்போதே மூளையில் மின் தூண்டல் கொடுத்து கை கால் தசை வரை செய்தி போகிறதா என்று நொடிக்கு நொடி பார்ப்பார்கள், குறைந்தால் அங்கேயே நிறுத்துவார்கள். தண்டுவடத்தின் மேலேயே வைக்கும் மின்முனையில் பதிவாகும் டி-அலை (D-wave) என்ற மின் சமிக்ஞை பாதிக்கு மேல் சரிந்தால் நிறுத்து என்பது பரவலான விதி. முழுதாக எடுப்பது இலக்கா, கொஞ்சம் எடுத்துப் பரிசோதிப்பது இலக்கா, இந்த மாதிரி அறுவை எத்தனை செய்திருக்கிறீர்கள் என்பதையும் கேளுங்கள். இது தினமும் செய்யும் அறுவை இல்லை, அடிக்கடி செய்யும் இடத்துக்குப் போவது நல்லது.

அறுவைக்குப் பின் முதல் வாரங்களில் பலர் முன்பைவிட மோசமாக உணர்வார்கள். இது தெரியாத குடும்பம் இடிந்துபோகிறது. தண்டுவடத்தின் பின்பகுதி வழியாகத்தான் ‘என் கால் எங்கே இருக்கிறது’ என்ற உணர்வு போகிறது, உள்ளே போன வழியும் அதுவேதான். அதனால் பலம் இருந்தும் தடுமாறுவார்கள், பஞ்சு மேல் நடப்பது போல இருக்கிறது என்பார்கள். கண் பார்த்துக்கொண்டிருக்கும் வரை சமாளிப்பார்கள். ஆனால் தொட்டியில் குனிந்து முகத்துக்கு சோப்புப் போட்டுக் கண்ணை மூடிய அந்த நொடியில் அப்படியே முன்னால் சாய்வார்கள். என் நோயாளிகளில் வீட்டில் விழுந்தவர்கள் நிறையப் பேர் அங்கேதான் விழுந்தார்கள். அதனால் முகம் கழுவ முதல் சில மாதம் நாற்காலியில் உட்காருங்கள், ராத்திரி நடக்கும் வழியில் விளக்கு அணைக்காதீர்கள், வெறுங்காலோடு நடக்காதீர்கள், தண்ணீர்ச் சூட்டை உணர்ச்சி சரியாக உள்ள கையால் தொட்டுப் பார்த்த பிறகே ஊற்றுங்கள். தேறுவது முதல் மூன்று மாதத்தில் வேகமாகவும், ஓராண்டு தாண்டியும் மெதுவாகவும் நடக்கும்.

புண்ணிலிருந்து தண்ணீர் மாதிரித் தெளிவாகக் கசிந்தாலோ, நிமிர்ந்தால் தலைவலி வந்து படுத்தால் போனாலோ முதுகுநீர் கசிவாக இருக்கலாம். படுக்கையில் இருப்பவரை இரண்டு மணிக்கொரு முறை திருப்பிப் படுக்க வையுங்கள், வலி தெரியாத உடம்பில் படுக்கைப் புண் சத்தமில்லாமல் எலும்பு வரை போகும். சிறுநீர் தானாக முழுதாகப் போகவில்லையென்றால், நேரம் வைத்துச் சுத்தமான குழாய் விட்டு எடுக்கக் கற்றுக்கொள்ளுங்கள், வெட்கப்பட்டுத் தள்ளிப் போட்டால் சிறுநீரகம் கெடும்.

நெஞ்சு மட்டத்தில் டி6லோ அதற்கு மேலோ தண்டுவடம் பாதிக்கப்பட்டவர்களுக்கு ஒரு அவசரம் இருக்கிறது. திடீரென்று மண்டை வெடிப்பது போல வலி, முகம் சிவந்து வியர்வை, ரத்த அழுத்தம் எகிறுவது. அவரைப் படுக்க வைக்காதீர்கள். நிமிர்த்தி உட்கார வைத்து, இறுக்கமான துணியைத் தளர்த்தி, சிறுநீர்க் குழாய் மடங்கியிருக்கிறதா, பை நிரம்பியிருக்கிறதா என்று பாருங்கள், பல நேரம் அதுதான் காரணம். அடங்கவில்லையென்றால் உடனே மருத்துவமனை.

எடுத்த கட்டியின் பயாப்ஸி ரிப்போர்ட் வந்த பிறகுதான் கதிர்வீச்சு தேவையா என்று முடிவாகும். முழுதாக எடுத்த சாதாரண எபென்டிமோமாவுக்குப் பெரும்பாலும் வேண்டியிருக்காது, வீரியமான ஆஸ்ட்ரோசைட்டோமாவுக்கு வேண்டும். எம்ஆர்ஐ பல ஆண்டுகள் தொடரும், இந்தக் கட்டிகள் தாமதமாகவும் திரும்பி வரும். முதல் சில மாதத்தில் எடுக்கும் படத்தைப் பத்திரமாக வையுங்கள், பின்னால் வரும் எல்லாப் படத்தையும் அதோடுதான் ஒப்பிடுவார்கள். ரிப்போர்ட் தாள் மட்டும் போதாது, சிடியோ கோப்போ படமாகவே வேண்டும். ராடு போட்டவர்கள் டிஸ்சார்ஜ் தாளில் நெயிலின் நிறுவனம், அளவு ஒட்டிய ஸ்டிக்கர் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். பத்து வருடம் கழித்து அதைக் கழற்ற வேண்டி வந்தால் எந்த ஸ்க்ரூடிரைவர் பொருந்தும் என்பது அந்த ஸ்டிக்கரில்தான் இருக்கிறது.